"கை வைக்க முதல் பார்": கோட்டுக்கு வெளியே நின்ற சேர் கற்றுத் தந்தவை

கொழும்புப் பாடசாலை விளையாட்டில் பயிற்றுவிப்பாளரை எல்லாருக்கும் தெரியும், அணித்தலைவரைத் தெரியும், பெரும்போட்டியில் சதம் அடித்தவனைத் தெரியும். கோட்டுக்கு வெளியே ரெஜிபோம் ஐஸ் பெட்டியோடு நின்று காயங்களைக் கவனிக்கும் மனிதரை விளையாடினவர்களுக்கு மட்டுந்தான் தெரியும். எங்கள் கல்லூரியில் அந்த இடத்தில் நின்ற சேர் காலமாகிவிட்டார். இரங்கல் உரைகளில் அவருடைய அன்பு, பொறுமை, பகிடி எல்லாம் சொல்லியாயிற்று. அவர் செய்த வேலையை யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அவருடைய பையைத் தூக்கித் திரிந்து வேலை பழகியவர்கள் சேர்ந்து எழுதுவது இது. அந்த வேலை இனி யார் கைக்குப் போனாலும், எப்படிச் செய்யப்பட்டது என்று புதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதைச் செய்கிறவருக்கு ‘அத்லெட்டிக் ட்ரெய்னர்’ என்று பெயர், அது உரிமம் பெற்றுச் செய்யும் தனித் தொழில். 1950இலேயே அவர்களுக்கென்று தேசியச் சங்கம் அமைந்துவிட்டது. இங்கே பெரும்பாலான பாடசாலைகளில் ஒரு முதலுதவிப் பெட்டியும், சென் ஜோன்ஸ் முதலுதவிப் படைப் பிள்ளைகள் இரண்டு பேரும், அன்றைக்கு ஓய்வாக இருக்கும் ஓர் ஆசிரியரும்தான். சேர் இருந்ததால் எங்களுக்கு அது மூன்று வேலையாகப் பிரிந்து தெரிந்தது: காயம் வராமல் பார்ப்பது, வந்தால் நின்ற இடத்திலேயே முடிவெடுப்பது, ஆறினவனை எப்போது திரும்ப இறக்கலாம் என்று சொல்வது. கட்டுப் போடுவது இதில் சின்னப் பங்கு. முடிவெடுப்பதுதான் வேலை.

ஒரு பையன் விழுந்தால் சேர் கோட்டைத் தாண்டும்போதே பார்க்கத் தொடங்கிவிடுவார். யாராவது இடித்து விழுந்தானா, தானாக விழுந்தானா? விழுந்தவன் கத்துகிறானா? கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது, நினைவு இருக்கிறது. எந்த இடத்தைத் தானே பிடித்துக்கொண்டிருக்கிறான்? யாரும் தொடாமல் சரிந்து, அசையாமல் கிடப்பவன்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானவன். இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது கை கால் ஓரிரு தடவை வெட்டி இழுக்கலாம், வாய் திறந்து திறந்து மூடலாம். பார்க்கிறவர்கள் வலிப்பு என்று சாவிக் கொத்தைக் கையில் திணிப்பார்கள். அந்த இழுப்பு மூச்சல்ல. தட்டிக் கூப்பிட்டு அசைவில்லை, ஒழுங்கான மூச்சில்லை என்றால் ஒருவர் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவில் கை வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமுக்கத் தொடங்க வேண்டும். வாயால் ஊதப் பழகியவர் இருந்தால் 30 அமுக்கலுக்கு 2 ஊதல். இல்லாவிட்டால் அமுக்குவது மட்டும், நிறுத்தாமல். அமுக்குகிறவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். களைத்தவன் கை ஆழம் போகாது.

உண்மையான வலிப்பென்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரம் பார்ப்பது. 5 நிமிடத்தைத் தாண்டினால் அம்புலன்ஸ். சாவிக்கு இரண்டிலும் வேலையில்லை.

பெரும்பாலான நாட்கள் இவ்வளவு பயங்கரமானவை அல்ல. கணுக்கால்தான். ஈர மைதானத்தில் பாதம் உட்பக்கம் மடிந்து, வெளிக் கணுவின் முன்னால் எலும்பை எலும்போடு கட்டும் இணைப்பு நார் இழுபட்டோ கிழிந்தோ போவது. சேர் முதலில் நோகாத காலைத் தொடுவார். அதுதான் அளவுகோல், இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வீக்கம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. பிறகு நோகும் காலில் எலும்பைத் தேடுவார். இரண்டு கணுவின் பின்விளிம்பிலும் நுனியிலிருந்து 6 சென்ரிமீற்றர் மேல்வரை விரலால் அழுத்துவது. பிறகு பாதத்தின் வெளியோரத்தில், சின்ன விரலுக்கு நேராகப் போகும் எலும்பு பாதத்தின் நடுவில் துருத்தும் இடம். உட்பக்கம் பாத வளைவின் உச்சியில் உள்ள எலும்பு. இவற்றில் ஓரிடத்தில் எலும்பின் மேலேயே நோ இருந்தாலும், நொண்டியாவது நான்கு அடி வைக்க ஏலாவிட்டாலும், எக்ஸ்ரே. ஒட்டாவா விதி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். 14, 15 வயதுப் பிள்ளைகளில் சேர் இன்னும் கடுமையாக இருப்பார். வளரும் வயதில் எலும்பு நுனியின் வளர்ச்சித் தட்டு இணைப்பு நாரைவிடப் பலவீனமானது. பெரியவருக்குச் சுளுக்காகும் அதே மடிப்பு பிள்ளைக்கு அந்தத் தட்டில் முறிவாகலாம்.

எலும்பு சரியென்றால் ஐஸ். மீன்கடைக்குப் பக்கத்தில் வாங்கும் கட்டி ஐஸ் போதும். அதை உடைத்துப் பொலித்தீன் பையில் போட்டு, ஒரு கோப்பை தண்ணீரும் விட்டு, காற்றை வெளியே உறிஞ்சி முடிச்சுப் போடுவார். தண்ணீர் விடுவதற்குக் காரணம் இருக்கிறது: உருகும் ஐஸ் 0 பாகையிலேயே நிற்கும், காலின் வளைவுக்கு ஏற்றபடி பையும் படியும். பிரீசரிலிருந்து நேரே எடுத்த ஜெல் பை அதைவிடக் குளிர். தோலில் நேராக வைத்தால் எரிகாயம் வரும். ஈரத்துணி ஒன்றின் மேல், 15 முதல் 20 நிமிடம், பிறகு எடுத்துவிட வேண்டும். முழங்காலின் வெளிப்பக்கம் கீழே நரம்பு ஒன்று எலும்புக்கு மேலாகவே ஓடுகிறது. அங்கே ஐஸை இறுக்கிக் கட்டிவிட்டு மறந்தால் பாதம் தூக்க ஏலாமல் போகும். ஓய்வு, ஐஸ், அமுக்கம், உயர்த்தல் என்ற சூத்திரத்தை 1978இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பிற்காலத்தில் ஐஸ் குணமாவதைத் தாமதமாக்கலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். சேர் அதைப் படித்த பிறகும் ஐஸை விடவில்லை, அதற்குக் கொடுத்த வேலையை மாற்றினார்: "ஐஸ் நோவுக்கு. குணமாக்கிறது உடம்பு." ஐஸ் வைத்து மரத்துப்போன காலோடு யாரையும் திரும்ப மைதானத்துக்குள் விடவும் மாட்டார். நோ தெரியாத கால் இரண்டாம் தடவை மடியும்போது எச்சரிக்காது.

வீக்கத்தை அடக்குவது அமுக்கக் கட்டு. 7.5 சென்ரிமீற்றர் அகலக் கிரேப் பன்டேஜை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடும்படி. கணுவிலிருந்து தொடங்கினால் பாதம் வீங்கும். கணுவைச் சுற்றியுள்ள பள்ளத்தில் வெறும் பன்டேஜ் அழுத்தாது. அதற்கு அவர் லாட வடிவத்தில் வெட்டின தடித்த பஞ்சுத் துண்டு ஒன்றைக் கணுவைச் சுற்றி வைத்துவிட்டுத்தான் கட்டுவார். உடற்பயிற்சி விரிப்பின் பழைய துண்டு அதற்கு நன்றாக உதவும்.

நோவெண்ணெய் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் சுளுக்கென்றால் அம்மம்மாவின் முதல் வேலை எண்ணெய் போட்டு உருவுவது. முறிவு நெறிவு வைத்தியத்தைச் சேர் ஒருபோதும் கேலி செய்ததில்லை. பெற்றோரிடம் கேட்டது ஒன்றே: முதல் இரண்டு மூன்று நாளைக்கு உருவவேண்டாம், சுடுதண்ணி ஒத்தடம் வேண்டாம், பாம் தேய்க்கவேண்டாம். கிழிந்த இடத்தில் அந்த நேரம் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். உருவினால் கசிவு கூடும். தொடையில் பலமான அடி பட்டவனை உருவுவது இதிலும் மோசம். தசைக்குள் தேங்கின இரத்தம் சுண்ணாம்பு கட்டி எலும்பாக மாறும் நிலைகூட வரலாம். அம்மம்மாக்கள் கேட்டார்களா? சிலர் கேட்டார்கள்.

இனி டேப். புதிய சுளுக்கில் டேப் அடித்து விளையாட விடுவது சேரின் அகராதியில் இல்லை. ஆறி, பழைய சுளுக்குக் காலோடு திரும்பி வருகிறவனுக்குத்தான். 38 மில்லிமீற்றர் அகல, இழுபடாத வெள்ளைத் துத்தநாக டேப். கால் மேசைக்கு வெளியே நீட்டி, பாதம் சரியாக 90 பாகையில். பையன் போனைப் பார்க்கத் தொடங்கினால் பாதம் கீழே தொங்கிவிடும். தொங்கின பாதத்தில் அடித்த டேப் காவலே இல்லை. வேர்வையைத் துடைத்து, மயிரைச் சிரைத்து அல்லது மெல்லிய அடிச்சுற்றுப் போட்டு, கெண்டைத்தசை முடியும் இடத்தில் இரண்டு நங்கூரச் சுற்று, பாத நடுவில் ஒன்று. பிறகு உட்பக்கத்திலிருந்து குதிக்காலின் கீழாக வெளிப்பக்கம் மேலே இழுக்கும் மூன்று பட்டிகள், பாதிப் பாதி மூடி. திசை முக்கியம்: வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் கால் மடியும் பக்கத்துக்கே உதவி செய்தாயிற்று. அதன் மேல் குதிக்காலைப் பூட்டும் சுற்று இருபுறமும், கடைசியில் மேலிருந்து கீழாக இடைவெளி மூடுவது.

எங்கே பிழைக்கும்? பாத நடுச் சுற்றை இறுக்கினால். படுத்திருக்கும்போது பாதம் ஒடுக்கம். எழுந்து பாரம் வைத்தால் விரியும், அப்போது விரல் விறைக்கும். அதனால் அந்தச் சுற்றை இழுக்காமல் வெறுமனே கிடத்த வேண்டும். குதிக்காலின் பின்னால் உள்ள தடித்த நாணின் மேல் ஒரு மடிப்பு விழுந்தால் முதல் பாதி முடிய முதல் கொப்புளம். பட்டிகளுக்கிடையில் சின்ன இடைவெளி இருந்தால் அதற்குள் தோல் பிதுங்கி வெட்டும். முடிந்ததும் பெருவிரல் நகத்தை அமுக்கி விட்டு, 2 செக்கனுக்குள் சிவப்புத் திரும்புகிறதா என்று பார்ப்பது. அரை மணி நேர ஓட்டத்தில் டேப்பின் பிடி பெருமளவு தளர்ந்துவிடும். அதனால் இடைவேளையில் திரும்பப் பார்க்க வேண்டும். டேப் மட்டும் நம்பினவனைச் சேருக்குப் பிடிக்காது. ஒற்றைக் காலில் கண் மூடி 30 செக்கன் நிற்க ஏலாதவன், எட்டுப் போட்டு ஓட ஏலாதவன், எவ்வளவு டேப் அடித்தாலும் வெளியேதான்.

வெயில் விடயத்தில் கொழும்பு ஏமாற்றும். வெப்பமானியில் 31 என்று காட்டும், காற்று ஈரமாக இருப்பதால் வேர்வை காயாது. வடிந்து விழுகிற வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் தூர ஓட்டங்களை அதிகாலையில் வைக்கச் சொல்லிச் சேர் ஒவ்வொரு வருடமும் சண்டை பிடிப்பார். பயிற்சிக்கு முன்னும் பின்னும் தராசில் நிறுப்பது அவருடைய வழக்கம்: ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் போயிருக்கிறது. 60 கிலோப் பையனுக்கு 1.2 கிலோவைத் தாண்டக் கூடாது. நிறை கூடியிருந்தால் அதுவும் பிழை. அளவுக்கு மிஞ்சிக் குடித்திருக்கிறான். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், உப்பின் சோடியம் குறைவு. வேர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். நீண்ட பயிற்சி நாளில் அவர் ஜீவனி என்ற உப்பு-சீனித் தூளைத்தான் கரைப்பார், பைக்கற்றில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில். கைக்கு அகப்பட்ட போத்தலில் உத்தேசமாகக் கரைத்தால் மருந்து மருந்தாக இருக்காது. பைக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்கு மட்டமாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு.

வெயிலில் ஓடினவன் தடுமாறிப் பேசினால், கோபப்பட்டால், எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் முழித்தால், அது வெப்ப அதிர்ச்சி. உடம்பின் உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். வேர்வை நின்றால்தான் ஆபத்து என்பது பிழை. ஓட்டத்தில் வருவதில் வேர்வை கொட்டிக்கொண்டே இருக்கும். நெற்றி வெப்பமானியும் பொய் சொல்லும். 1990க்கு அழைத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் குளிர்விக்க வேண்டும். பெரிய பேசினில் ஐஸ் தண்ணீர் இருந்தால் கழுத்துவரை இருத்தி, தலை சரியாதபடி ஒருவர் பிடித்துக்கொள்வது. இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை விடாமல் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் நனைத்த துவாய்களை உடம்பெல்லாம் போட்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி, விசிறுவது. முதல் அரை மணித்தியாலத்துக்குள் சூடு இறங்கினால் பிள்ளை தப்பும். ஓட்டோவில் ஏற்றி வாகன நெரிசலில் சூடாகவே கொண்டுபோனால் அந்த அரை மணித்தியாலம் தெருவில் போய்விடும்.

தலை அடி. இதில்தான் சேருக்கு எதிரிகள் உண்டானார்கள். றக்பியில் மோதி எழும்பினவனிடம் அவர் ஐந்து கேள்வி கேட்பார், குரலை உயர்த்தாமல்: "இது எந்த மைதானம்? இப்ப முதல் பாதியா, ரெண்டாவதா? கடைசியா ஆர் ஸ்கோர் பண்ணினது? போன கிழமை ஆரோட விளையாடினனாங்கள்? வெண்டனாங்களா?" பெயர், வயது, திகதி கேட்பதில்லை, மூளை குலுங்கினவனுக்கும் சொந்தப் பெயர் மறக்காது, அன்றைய ஆட்டந்தான் கலையும். ஒரு பதில் பிழைத்தால் வெளியே. ஐந்தும் சரியாக இருந்தாலும் தலையிடி, குமட்டல், வெளிச்சம் கூச்சம், நடையில் ஆட்டம் என்று ஒன்று இருந்தால் வெளியே. விழுந்தபோது சில கணம் அசையாமல் கிடந்ததை அவர் கண்டிருந்தால் கேள்வியே இல்லை. அன்றைக்குத் திரும்ப விளையாடுவது கிடையாது. பையன் "ஏலும் சேர், ஏலும்" என்பான், பயிற்றுவிப்பாளர் கோட்டோரம் நின்று கையை விரிப்பார், கூடாரத்துக்குள் இருந்து பழைய மாணவர் ஒருவர் சத்தம் போடுவார். சேர் ஒன்றும் பேசாமல் குனிந்து பையனின் ஒரு சப்பாத்தைக் கழற்றித் தன் பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்துவிடுவார். ஒற்றைச் சப்பாத்தோடு யாரும் உள்ளே ஓட முடியாது.

அன்றிரவு வீட்டில் ஒரு பெரியவர் கூட இருக்க வேண்டும். வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், தலையிடி ஏறிக்கொண்டே போனால், எழுப்ப எழும்பாவிட்டால், கை கால் சோர்ந்தால், உடனே ஆஸ்பத்திரி. அஸ்பிரின், இபுபுரோபன் கொடுக்கக் கூடாது. ஓரிரு நாள் அமைதி, பிறகு பாடம், பிறகு மெல்லோட்டம், பிறகு மோதலில்லாத பயிற்சி. ஒரு படிக்குக் குறைந்தது 24 மணித்தியாலம், அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. மோதலுள்ள பயிற்சிக்கு மருத்துவரின் கடிதம். கழுத்து நோகிறது, கை கால் விறைக்கிறது என்று சொல்பவனைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுவருவது நம் மைதானங்களில் இன்னும் நடக்கிறது. அவனைக் கிடந்தபடியே விட்டு, ஒருவர் முழந்தாளிட்டுத் தலையை இரு கையாலும் அசையாமல் பிடிக்க வேண்டும், ஆட்டம் எவ்வளவு நேரம் நின்றாலும்.

சின்ன விடயங்கள் சில. மூக்கில் இரத்தம் வந்தால் தலையை முன்னே சாய்த்து, மூக்கின் மென்பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடிப்பது; அண்ணாந்தால் இரத்தம் வயிற்றுக்குள் போய் வாந்தி வரும். பல்லு விழுந்தால் வேரைத் தொடாமல், பாலில் போட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் பல் வைத்தியரிடம். வெள்ளம் நின்ற மைதானத்தில் பயிற்சி வேண்டாம்; சிராய்ப்புக்குள் எலிக்காய்ச்சல் கிருமி போகும். காய்ச்சலும் உடம்பு நோவுமாக வருகிறவனுக்கு டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிட்டமோல் தவிர வேறு நோமாத்திரை இல்லை. டிக்ளோபெனக் போட்டால் இரத்தக்கசிவு கூடும். வேகப்பந்து வீசும் பையன் முதுகின் ஒருபக்கம், கீழே, பின்னால் வளையும்போது நோகுது என்றால் அதைத் தசைப்பிடிப்பு என்று விடக் கூடாது. முள்ளந்தண்டில் அழுத்த முறிவு அப்படித்தான் தொடங்கும். கல்லூரிக்கும் கழகத்துக்கும் ஒரே கிழமையில் வீசுகிறவர்களைச் சேர் தேடிப் பிடிப்பார்.

எல்லாம் அவருடைய சீஆர் கொப்பியில் இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு மாணவன்: பெற்றோர் தொலைபேசி இரண்டு, ஆஸ்துமா உண்டா, நீல இன்ஹேலர் எந்தப் பையில், எந்த மருந்து ஒத்துவராது, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது, தலை அடிபட்ட திகதிகள். கொப்பி இருந்தும் பாதி விடயம் அவர் தலைக்குள்தான் இருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. யார் அடி பட்டாலும் மறைப்பான், யார் சும்மா கத்துவான் என்பதை அவர் எழுதவில்லை. இதைத் தொடர்கிறவர்கள் தவணைக்கு ஒருமுறை புதுப்பித்து, பூட்டி வைக்க வேண்டும். அது பிள்ளைகளின் அந்தரங்கம்.

இன்னொன்று வாசல். கொழும்பில் ஒருவழிப் பாதைகளால் எந்த வாசல் என்று சொல்லாவிட்டால் அம்புலன்ஸ் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வரும். 1990க்கு அழைக்கும்போது பாடசாலைப் பெயரோடு வீதியின் பெயரையும் வாசலையும் சொல்லி, அந்த வாசலில் ஒருவரை நிறுத்த வேண்டும். போட்டி நாளில் அங்கேதான் விருந்தினர் வாகனங்களை நிறுத்துவார்கள். காலையிலேயே இரண்டு கூம்பு வைத்து மறித்துவிடுவது சேரின் வேலை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவனோடு ஒரு பெரியவரும், அடிபட்ட நேரமும் பார்த்த அறிகுறிகளும் எழுதிய துண்டும் போக வேண்டும்.

அவருடைய பை இப்போது விளையாட்டு அறையில் இருக்கிறது. டேப், ஜீவனி, கையுறை எல்லாம் காலாவதித் திகதி பார்த்து மாற்றியாயிற்று. இனி யார் என்று நிர்வாகம் இன்னும் சொல்லவில்லை. யாரை நியமித்தாலும் அதிபர் கையொப்பமிட்ட ஒரு கடிதம் வேண்டும்: ஒரு மாணவன் வெளியே வர வேண்டும் என்று இவர் சொன்னால், பயிற்றுவிப்பாளரோ, பெற்றோரோ, பழைய மாணவரோ மறுத்தாலும் அதுவே முடிவு என்று. சேருக்கு அப்படிக் கடிதம் தேவைப்படவில்லை. புதிதாக வருகிறவருக்கு முதல் போட்டியிலேயே தேவைப்படும்.